படத்தில் வந்த ஊர் எங்கே இருக்கிறது? மட்டக்களப்பு, அம்பாறை ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பழைய படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு படம் பார்த்தால், முடிந்த கையோடு வருகிற கேள்வி பெரும்பாலும் கதையைப் பற்றியதாக இருக்காது. "இந்த ஊர் எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். எனக்கும் அந்தக் கேள்விதான் பிடிக்கும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நம் நாட்டுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதால் இலங்கையைப் பற்றித்தான் அதிகம் வரும்.

கதை ஒரு ஊரில் நடக்கிறது, படம் வேறு ஊரில் எடுக்கிறார்கள். ஏன் இப்படி?

காரணம் படத்துக்குப் படம் வேறு. சில நேரம் கதை நடக்கிற இடத்தில் சண்டை. 1992இல் வந்த 'ரோஜா'வின் கதை காஷ்மீரில் நடக்கிறது. அந்த நேரத்துக் காஷ்மீரில் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, ஆகவே மணாலிக்குப் போனார்கள். சில நேரம் அரசாங்கம் அனுமதி தராது. சில நேரம் உண்மையான இடத்தில் நெரிசல் தாங்காது. 'நாயகன்' படத்தின் பம்பாய்ச் சேரியான தாராவியில் பெரும்பகுதி சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குள் கலை இயக்குநர் தோட்டா தரணி கட்டிய செட். பம்பாய்க்காரர்களே அதை நம்பினார்கள் என்றால் அந்தக் கலைஞனின் கையை மெச்சத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. கதை நடக்கிற காலத்தில் அந்த ஊர் இருந்த மாதிரி இப்போது இருக்காது. கொங்கிறீட் வீடும் மின்கம்பியும் வந்திருக்கும். அப்போது பழைய முகம் மாறாத வேறொரு ஊரைத் தேடித்தான் போக வேண்டும்.

'குவாய் நதிப் பாலம்' படத்தை இலங்கையில் எடுத்தது உண்மையா?

முழு உண்மை. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகள் வாங்கிய அந்தப் படம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதான ஆங்கிலேயச் சிப்பாய்கள் ரயில் பாலம் கட்டுகிற கதை. அதில் சயாம் (இன்றைய தாய்லாந்து) காடாக வருவது நம் கித்துல்கல. குவாய் நதியாக ஓடுவது களனி கங்கை. பாலத்தை அங்கே உண்மையாகவே மரத்தால் கட்டினார்கள், உண்மையான ரயிலை ஓட்டினார்கள், உண்மையாகவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். படத்தில் ஆங்கிலேயரின் ஆஸ்பத்திரியாக வருவது மவுண்ட் லவினியா ஹோட்டல்.

அந்த வெடிக் காட்சியின் கதை சொல்லத் தக்கது. 1957 மார்ச்சில் அந்த நாளில் பார்ப்பதற்குப் பிரதமர் பண்டாரநாயக்க உட்பட விருந்தினர் பலர் வந்திருந்தார்கள். ஆற்றங்கரையில் பல இடங்களில் கமராக்கள். ஒவ்வொரு கமராக்காரரும் கமராவை ஓட விட்டுவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய் சமிக்ஞை தர வேண்டும், எல்லாருடைய சமிக்ஞையும் வந்த பிறகே வெடி. அன்று ஒருவரிடமிருந்து வரவில்லை. ஆள் வெளியே வந்தாரா இல்லையா என்று தெரியாமல் எப்படி வெடிக்க வைப்பது? நிறுத்திவிட்டார்கள். ஆளில்லாமல் வந்த ரயிலோ நிற்காமல் பாலத்தைக் கடந்து போய் அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதி நின்றது. பிறகு ரயிலைத் தூக்கி நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஒழுங்கு செய்துதான் நாம் இன்று பார்க்கிற காட்சியை எடுத்தார்கள். ஒரு மனிதனின் உயிருக்காக அவ்வளவு பெரிய செலவை அந்தக் கணத்தில் நிறுத்தி வைத்தார்களே, அதை நினைத்தால் அந்தக் காட்சி இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அப்படியென்றால் உண்மையான பாலம் எங்கே?

தாய்லாந்தில், காஞ்சனபுரியில். அது உருக்கும் கொங்கிறீட்டும் கொண்ட பாலம், இன்றும் ரயில் ஓடுகிறது. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் எழுதிய நாவல்தான் படமானது. நாவலில் பாலம் தகர்வதே இல்லை, அது சினிமாவுக்காகச் சேர்த்த முடிவு. இன்னொரு விசயம் கேளுங்கள். அந்தப் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்த உல்லாசப் பயணிகள் வந்து "குவாய் நதி எங்கே?" என்று கேட்டதால் 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கு 'குவாய் யாய்' என்று பெயரை மாற்றினார்கள். கற்பனையில் வந்த பெயரை உண்மையான ஆறு ஏற்றுக்கொண்டது.

அந்த ரயில் பாதையைக் கட்டியது வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பதில் சொல்வேன். படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீற்றர் நீளம். ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் ஆசியத் தொழிலாளர் தொகை அதைவிடப் பன்மடங்கு. பர்மாக்காரர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், அவர்களோடு மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்ட தமிழர். பல பத்தாயிரம் தமிழர் போனார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் தொகையை 90,000 அளவில் மதிப்பிடுகிறார்கள்.

மலேசியத் தமிழர் இதைச் 'சயாம் மரண ரயில்' என்றுதான் சொல்வார்கள். காஞ்சனபுரியில் உள்ள போர் மயானத்தில் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் வெட்டியிருக்கிறது. தோட்டத்திலிருந்து போன தமிழருக்குப் பெரும்பாலும் காட்டோரக் குழிகள்தான். படத்தில் அவர்கள் இல்லை. படம் நல்ல படம், நானும் விரும்பிப் பார்க்கிற படம். இருந்தாலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறவர்கள் இந்த விசயத்தையும் சேர்த்துச் சொல்லாமல் விடக்கூடாது.

கித்துல்கலவில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது? இங்கிருந்து எப்படிப் போவது?

பாலம் இல்லை. பாலம் நின்ற கொங்கிறீட் அடித்தளங்கள் கரையில் கிடக்கின்றன, அவ்வளவுதான். பிரதான வீதியிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை ஆற்றுக்கு இறங்குகிறது. படத்தை அண்மையில் பார்த்துவிட்டுப் போனால் எதிர்க்கரைச் சரிவையும் ஆறு வளைகிற இடத்தையும் வைத்துக் காட்சிகளைப் பொருத்திப் பார்க்கலாம். பார்க்காமல் போனால் வெறும் கல்லும் தண்ணீரும்தான். ஊரில் உள்ள வாடிவீட்டில் படப்பிடிப்புக் காலத்துப் படங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்த்துவிட்டு ஆற்றுக்கு இறங்குவது நல்லது.

மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ மகா ஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டி, பிறகு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, கித்துல்கல. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம், கண்டியில் ஒரு இரவு தங்குங்கள். பருவத்தைக் கவனியுங்கள். அங்கே தென்மேற்குப் பருவ மழை கொட்டும், ஆகவே நமக்கு வெயில் காய்கிற ஜூன், ஜூலையில் ஆறு பொங்கி ஓடும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

இந்தியானா ஜோன்ஸ் படத்தில் வருகிற இந்தியக் கிராமம் கண்டியா?

ஆம், 1984இல் வந்த இரண்டாவது படம். கதை வட இந்தியாவில் நடக்கிறது. இந்திய அரசாங்கம் திரைக்கதையைப் படித்துப் பார்த்துவிட்டு இது எங்களை இழிவுபடுத்துகிறது என்று மாற்றங்கள் கேட்டது. படக்குழு இணங்காமல் இலங்கைக்கு வந்தது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானைப் பகுதியில் கிராமத்தைச் செட்டாகப் போட்டார்கள். அரண்மனையின் உட்புறம் இங்கிலாந்தில் ஒரு ஸ்டூடியோ. தொடக்கத்தில் வருகிற ஷங்ஹாய்த் தெருக்கள் மக்காவ்.

பலருக்கும் நெஞ்சு படபடக்கிற அந்தத் தொங்குபாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தது. அணை கட்டிய பிரித்தானியப் பொறியியலாளர்களே உருக்குக் கம்பிகளால் பாலத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே தடவைதான் அறுக்க முடியும் என்பதால் பல கமராக்களை வைத்து ஒரே முறையில் எடுத்தார்கள், விழுகிற ஆட்கள் பொம்மைகள். கீழே முதலை வாய் பிளக்கிற துண்டுகள் அமெரிக்காவில் புளோரிடாவில் எடுத்தவை. மஹியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த மலைப்பக்கத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

அந்தப் படத்தில் கிராமத்தவர் கதைப்பது சிங்களமா? காது சரியாகத்தான் கேட்கிறதா?

சரியாகத்தான் கேட்கிறது. இந்தியக் கிராமம் என்று சொல்லிக்கொண்டு சனங்கள் சிங்களம் கதைக்கிறார்கள். வெளிநாட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. நம்மாட்கள் முதல் வசனத்திலேயே திரும்பி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தக் கிழவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊரிலிருந்து களவுபோன புனிதக் கல்லைத் தேடித் தரச் சொல்லிக் கேட்கிற ஊர்ப் பெரியவராக வருகிறவர் டி. ஆர். நாணயக்கார, சிங்கள சினிமாவின் பழைய நடிகர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்கு வெளியே இருந்து இயக்குநர் ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் கொடுக்க, அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். அதனால்தான் வசனத்துக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். அந்த இடைவெளிகளில் அவருடைய கண்ணும் கையும் செய்கிற வேலையைப் பாருங்கள். விளங்காத பாஷையில் ஒரு ஊரின் துயரத்தை நம்ப வைத்திருக்கிறார். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நடிப்பு அதுதான்.

இலங்கை வேறு எந்த நாடுகளாக நடித்திருக்கிறது?

பர்மாவாக: கிரகரி பெக் நடித்த 'பேர்ப்பிள் பிளேன்' (1954). ஆபிரிக்காவாக: 1981இல் போ டெரெக் நடித்த டார்சான் படம். காசியாக: தீபா மேத்தாவின் 'வாட்டர்'. 2000ஆம் ஆண்டு வாரணாசியில் எதிர்ப்புக் கும்பல் செட்டை உடைத்துப் படப்பிடிப்பை நிறுத்தியது. சில வருடம் கழித்து இலங்கைக்கு வந்து, வேறு பெயர் வைத்துச் சத்தமில்லாமல் எடுத்து 2005இல் வெளியிட்டார்கள். கங்கைக்கரைப் படித்துறை என்று நாம் பார்ப்பதும் இலங்கைத் தண்ணீர்தான்.

இலங்கை இலங்கையாகவே வருகிற படங்களும் உண்டு. 'எலிபன்ட் வோக்' (1954) சிலோன் தேயிலைத் தோட்டக் கதை. விவியன் லீ இங்கே வந்து நடித்து, இடையில் சுகவீனப்பட்டு விலக, எலிசபெத் டெய்லர் அந்த வேடத்துக்கு வந்தார். தூரத்திலிருந்து எடுத்த சில காட்சிகளில் தெரிவது இப்போதும் விவியன் லீதான். தமிழில் சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' (1978) நம்மில் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

'ஷோலே' படத்து ராம்கர் எங்கே?

பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் உள்ள ராமநகரம். பாறைக் குன்றுகள் மட்டும்தான் உண்மை. கிராமம் முழுவதும் கட்டி, படம் முடிந்ததும் கழற்றிய செட். ஆகவே வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து வருவார்கள். பாறைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நிறையக் கிடைக்கும், ராமதேவர் பெட்டா இப்போது பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். டேவிட் லீன் 1984இல் 'பாசேஜ் டு இந்தியா' எடுத்தபோது நாவலின் கற்பனைக் குகைகளுக்கு இந்தப் பக்கத்துப் பாறைகளைத்தான் தேர்ந்தார். நாவலாசிரியருக்குத் தூண்டுதலாக இருந்த பராபர் குகைகள் இருப்பது பீகாரில்.

பாரதிராஜா படங்களில் வருவது தேனிப் பக்கத்துக் கிராமங்கள்தானே?

எல்லாம் இல்லை. அவர் பிறந்த மண் அதுதான், மனசில் இருந்த கிராமமும் அதுதான். ஆனால் '16 வயதினிலே' (1977) பெரும்பாலும் கர்நாடகாவில் கொள்ளேகால், மைசூர் வட்டாரத்தில் எடுத்தது. 'முதல் மரியாதை' (1985) தலக்காட்டுப் பக்கம். அந்த ஆறு காவிரி, தமிழ்நாட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் ஓடுகிற காவிரி. இதைச் சொன்னால் சிலருக்கு மனவருத்தம். எனக்கு அப்படியில்லை. பேச்சு, நடை, பாட்டு, சனத்தின் முகம் எல்லாம் தமிழ்க் கிராமமாக இருந்தால் மண் எந்த மாநிலத்தின் மண் என்று திரையில் யார் கேட்கப் போகிறார்கள்?

மால்குடி என்று ஒரு ஊர் இருக்கிறதா?

ஆர். கே. நாராயணின் கற்பனை ஊர். 'கைட்' (1965) படத்துக்காக அதைத் தூக்கி ராஜஸ்தானின் உதய்பூரில் வைத்தார்கள். நாராயண் மனம் கசந்து அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். தென்னிந்தியச் சிறு நகரத்தின் தெருவும் திண்ணையும்தான் அவருடைய கதைக்கு உயிர், அங்கே கோட்டையும் மாளிகையும் வந்தால் எப்படி? அவர் பக்கம்தான் நான்.

பிறகு சங்கர் நாக் 1980களில் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கர்நாடகாவின் அகும்பேயைத் தேர்ந்தார். மழை விடாமல் பெய்கிற மலை ஊர். அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு மால்குடி என்றால் இன்றும் அகும்பேதான். தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்த அரசாளு ரயில் நிலையத்தில் இப்போது மால்குடி அருங்காட்சியகம் இருக்கிறது.

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்து மாங்குளம் நம் மாங்குளமா?

இல்லை. 2002இல் வந்த அந்தப் படத்தின் இலங்கைக் காட்சிகளை இந்தியாவில் எடுத்தார்கள். வன்னியில் அப்போது படம் எடுக்கிற நிலைமையா இருந்தது? நம் நாடு சயாமாகவும் இந்தியாவாகவும் ஆபிரிக்காவாகவும் வேஷம் போட்டது. நம் சனத்தின் கதையைச் சொல்ல வந்தபோது வேறு நாட்டுக் காடு மாங்குளமாக வேஷம் போட்டது. வன்னிக் காட்டைத் தெரிந்தவருக்கு, பாலையும் முதிரையும் நிற்கிற அந்தத் தட்டையான நிலத்தைத் தெரிந்தவருக்கு, திரையில் பார்த்ததோடு மனசு ஒட்டாது. அதே படத்தைப் பார்த்து இங்கே அழாத வீடும் இல்லை. இரண்டும் உண்மை.

கிழக்கு மாகாணத்தில் எடுத்த பழைய படம் ஏதாவது?

'ரன்முத்து தூவ' (1962). சிங்கள சினிமாவின் முதல் வர்ணப் படம், திருகோணமலைக் கடலுக்கு அடியில் எடுத்த காட்சிகள் அதன் பெருமை. இயக்கியவர் மைக் வில்சன். அவரோடு சேர்ந்து கடலில் மூழ்கித் திரிந்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அந்தக் காலத்தில் நீருக்கடியில் வர்ணத்தில் எடுப்பது சின்ன வேலை இல்லை.

கல்லடிப் பாலமும் வாவியும் கோட்டையும் இன்னும் நல்ல கமராவுக்காகக் காத்திருக்கின்றன என்பது என் எண்ணம். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அதற்குப் பக்கத்தில் புதுப் பாலம், கீழே நிலா வெளிச்சத்தில் மீன் பாடுகிறது என்று சொல்லி வளர்ந்த தண்ணீர். எந்தக் கற்பனை ஊருக்கும் இது போதும்.

ஹொலிவூட்டின் மற்றப் பெரிய படங்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். 'கசாபிளாங்கா' (1942) மொறோக்கோவைப் பார்க்கவே இல்லை, கலிபோர்னியாவில் ஏறத்தாழ முழுவதும் ஸ்டூடியோவுக்குள் எடுத்தது. 'லோறன்ஸ் ஒவ் அரேபியா' படத்தின் அகபா நகரம் ஸ்பெயினின் ஒரு கடற்கரையில் கட்டிய செட். 'டொக்டர் ஷிவாகோ'வின் மொஸ்கோத் தெரு மட்ரிட்டுக்குப் பக்கத்தில், உறைபனி மாளிகையில் தெரிகிற பனி மெழுகு. 'ஸ்டார் வோர்ஸ்' (1977) படத்தின் பாலைவனக் கிரகம் துனீசியா, கிரகத்தின் பெயரே அங்குள்ள ததாவின் என்ற ஊரிலிருந்து வந்தது. வியட்நாமாக வருகிற 'அப்போகலிப்ஸ் நவ்' பிலிப்பைன்ஸ்.

ஒரு படம் எங்கே எடுத்தது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். முதலில் கடைசியில் ஓடுகிற எழுத்துகளை நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். எந்த ஊராட்சிக்கு, எந்தப் பொலிசுக்கு, எந்த ரயில்வேக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பின்னணியைப் பாருங்கள். கடைப் பலகையின் எழுத்து, வாகன இலக்கத் தகடு, பஸ்ஸின் நிறம், மரம். பனை நிற்கிற இடத்தில் தேயிலை நிற்காது. மலையின் வெளிக்கோடுதான் எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி, வீட்டை மாற்றலாம், மலையை மாற்ற முடியாது. அந்தக் காட்சியை ஒரு படமாக நிறுத்தி எடுத்துச் செய்மதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஊருக்குப் போனால் வயதானவர்களிடம் கேளுங்கள். கூட்டக் காட்சியில் நின்றவர், சோறு சமைத்துக் கொடுத்தவர், மாட்டுவண்டி வாடகைக்கு விட்டவர் யாராவது இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிந்து வையுங்கள், ஆண்டையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

போகிற இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

படத்தில் வந்த வீடுகளில் பல இன்றும் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், வேண்டாம் என்றால் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள். கித்துல்கலவில் பிள்ளைகளை ஆற்றுக்குள் இறங்க விடாதீர்கள், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை பலமானது, பாறை வழுக்கும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போங்கள். போகிற முதல் நாள் இரவு படத்தை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பாலம் வருகிற காட்சிகளைக் கைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் பல நேரம் சிக்னல் கிடைக்காது.